தேர்தல் நேரத்துல நம்ம நெல்லைப் பக்கத்து வேட்பாளர்கள பத்திரிகை, டிவி நியாயமா காட்டுதா? நீங்க நேர்ல பாத்தத எழுதுங்க

முக்கூடல் பொண்ணு:
எங்க சித்தி 2021 சட்டமன்றத் தேர்தல்ல சுயேச்சையா நின்னாவ. டெபாசிட் 10,000 ரூபாய கூட பீடி சுத்துத பொம்பளைகதான் சேத்துக் குடுத்தது. பி.எஃப். பணம் எடுக்க அலைய விடுதது, கூலி, பென்ஷன், இதத்தான் வீடு வீடா போய் பேசுனாவ. ஒரு நாள் நிருபர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. சித்தி மடியில பீடித்தட்டோட உக்காந்து அரை மணி நேரம் பேசுனாவ, அவரும் எழுதிக்கிட்டாரு. கடைசில பேனாவ மூடிட்டு, "அக்கா, காசு கட்டி பேக்கேஜ் எடுத்தீங்கன்னா செய்தி படத்தோட வரும், இல்லன்னா பேரு மட்டுந்தான்"னாரு. "அப்ப இவ்வளவு நேரம் எழுதுனீயளே, அது என்ன தம்பி?"ன்னு சித்தி கேட்டாவ. அவரு பதில் சொல்லல. மறுநாள் வேட்பாளர் பட்டியல்ல பேரு வந்துச்சு, அதுவும் எழுத்துப் பிழையோட. அவரு அப்படிக் கேக்கும்போது சித்தி கை அப்படியே நின்னுட்டு. அது எனக்கு இன்னைக்கும் ஆறல.

பாளை பழைய நிருபர்:
தங்கச்சி, அந்த நிருபர் செஞ்சது தப்புதான். ஆனா அவர் நிலைமையையும் தெரிஞ்சுக்கோங்க. தாலுகா நிருபர்ல பலருக்கு மாசச் சம்பளமே கிடையாது. அனுப்புற செய்திக்குக் கொஞ்சம், பிடிச்சுக் குடுக்கிற விளம்பரத்துக்குக் கமிஷன். தேர்தல் வந்தா விளம்பர டார்கெட்ட ஆபீஸே குடுத்துடும். நான் ஒரு தடவ சேரன்மகாதேவில பெரிய கட்சி வேட்பாளர் பிரச்சாரத்துக்குப் போயிருந்தேன். உச்சி வெயில், ஜீப்புக்கு முன்னால மேளக்காரங்களும் கட்சிக்காரங்களுந்தான். தெருவுல வேற ஆளே இல்ல. நான் அத எழுதவும் இல்ல, அனுப்பவும் இல்ல. காலையில பாத்தா எங்க பேப்பர்ல "மக்கள் வெள்ளத்தில் நீந்திச் சென்றார்"னு நாலு பத்தி அகலத்துல செய்தி, மேல "நமது நிருபர்". இன்னொரு பேப்பர்லயும் அதே செய்தி, ஒரு வரி மாறாம. எங்கம்மா அதப் படிச்சுட்டு, நல்லா எழுதியிருக்கன்னு சொன்னாங்க.

சுயேச்சை விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. இருநூறு ஓட்டு வாங்குறவங்களுக்கெல்லாம் பக்கம் ஒதுக்க எந்தப் பேப்பராலயும் முடியாது.

வள்ளியூர்க்காரன்:
அண்ணாச்சி, கடைசில சொன்னத ஒத்துக்கிட முடியாது. 2016 சட்டமன்றத் தேர்தல்ல எங்க ராதாபுரம் தொகுதியில ஜெயிச்ச அ.தி.மு.க. இன்பதுரைக்கும் தோத்த தி.மு.க. அப்பாவுவுக்கும் வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. 2019-ல தபால் ஓட்டையும் கடைசி மூணு ரவுண்டையும் திரும்ப எண்ணச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டுச்சு, முடிவ வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு. இருநூறு ஓட்டு எங்க ஊர்ல அவ்வளவு பெருசு.

எனக்கு மறக்காதது டிவி விவாதம். எங்க தொகுதியப் பத்திப் பேச நாலு பேரு. முழு நேரமும் எந்தச் சாதிக்கு எத்தன ஓட்டு, எது எங்க சாயும், இதேதான். டீக்கடையில கூட்டப்புளிங்குற கடலோர ஊர்க்காரர் ஒருத்தர் நின்னு பாத்துக்கிட்டிருந்தாரு. "தூண்டில் வளைவு பத்தி ஒருத்தனாவது வாயத் தெறக்கானான்னு பாக்கேன்"ன்னாரு. தூண்டில் வளைவுன்னா கடல் கரைய அரிக்காம இருக்கக் கல்லப் போட்டுக் கட்டுற தடுப்பு. ஒருத்தனும் வாயத் தெறக்கல. பாதி டீய வச்சிட்டு பஸ் ஏறிட்டாரு. கடல் வீட்டு வாசல் வரைக்கும் வருது அவருக்கு.

பேட்டை வாசகர்:
எல்லாரும் வருத்தத்த மட்டும் எழுதுறீங்க. என்ன செய்யணும்னு நான் சொல்றேன். காசு வாங்கிட்டுச் செய்தி மாதிரி போடுறதப் பாக்க மாவட்டந்தோறும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழு இருக்கு. கலெக்டர்தான் தலைவர். ரெண்டு பேப்பர்ல ஒரே வாசகம் வந்தா ரெண்டையும் தேதி தெரியுற மாதிரி வெட்டி வையுங்க, அதவிட நல்ல ஆதாரம் கிடையாது. குழு சொன்னா தேர்தல் அதிகாரி வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்புவார், 48 மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும். காசு குடுத்த செய்தின்னு முடிவானா அந்தத் தொகை அவர் செலவுக் கணக்குல ஏறும். சட்டமன்றத் தேர்தலுக்கு இப்ப உச்சவரம்பு 40 லட்சம். கணக்குல காட்டாம விட்டா பதவியே போகலாம். உத்தரப் பிரதேசத்துல உம்லேஷ் யாதவுன்னு ஒரு எம்.எல்.ஏ.வ 2011-ல தேர்தல் ஆணையம் இதே காரணத்துக்காக மூணு வருஷம் தகுதி நீக்கம் பண்ணுச்சு. அவங்க ஜெயிச்சது 2007-ல, அதனால தாமதமாத்தான் நடக்கும், விடக்கூடாது. பிரச்சாரத் துண்டு நோட்டீஸ் கையில வந்தா அடியில அச்சகத்தோட பேரு, வெளியிட்டவர் பேரு இருக்கான்னும் பாருங்க, அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி கட்டாயம். முக்கூடல் தங்கச்சி, உங்க சித்தி அன்னைக்கே எழுத்துல புகார் குடுத்திருக்கணும்.

முக்கூடல் பொண்ணு:
அண்ணாச்சி, வெவரத்துக்கு நன்றி. ஆனா சித்தி பேக்கேஜும் எடுக்கல, செய்தியும் வரல. வராத செய்திய வெட்டி எந்தக் குழுவுல குடுக்கணும்? நீங்க சொல்லுதது காசு குடுத்தவங்களப் பிடிக்க வழி. காசு இல்லாதவ பேசுனத அச்சுல கொண்டுவர வழி அதுல இல்லையே. தூர்தர்ஷன்லயும் ரேடியோலயும் இலவசமா பேச நேரம் குடுக்காவ, அதுவும் அங்கீகாரம் உள்ள கட்சிகளுக்கு மட்டுந்தான்.

வண்ணார்பேட்டை:
எனக்கும் ஒண்ணு நடந்துச்சு. 2024 எம்.பி. தேர்தலுக்கு முன்னால பஸ் ஸ்டாப்புல மைக்க நீட்டினாங்க. "ரோடு போட்டது நல்லதுதான், ஆனா தாமிரபரணில சாக்கடை கலக்குத பத்தி எந்த வேட்பாளரும் பேசல, அதான் கோவம்"னேன். டிவில "ரோடு போட்டது நல்லதுதான்" வரைக்கும் வந்துச்சு, கீழ ஒரு வேட்பாளர் பேரப் போட்டு "மக்கள் ஆதரவு"ன்னு. எங்க தெருவுல ரெண்டு பேரு இன்னும் என்ன அந்தக் கட்சின்னே நெனச்சுக்கிட்டு இருக்காங்க. பேட்டை அண்ணாச்சி, நான் பேசுனத வெட்டிப் போட்டதுக்கு அந்தக் குழுவுல புகார் குடுக்க முடியுமா, இல்ல வேட்பாளர்தான் குடுக்கணுமா?