‘அலைன்மென்ட்’ என்பதற்கு ‘நிரல்பொருத்தம்’: ஒரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

மண்டபம் பகுதியில் கடல் உயிரியல் பயிலும் மாணவர்களுக்காக, காரல் மீன் இனங்களை மரபணு வரிசை கொண்டு பிரித்தறியும் உயிர்த்தகவலியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைகளுக்குத் தமிழ் விளக்கம் எழுதி வருகிறோம். அவற்றின் செய்முறைப் பகுதியில் தவறாமல் வரும் ‘சீக்வென்ஸ் அலைன்மென்ட்’ (மரபணு வரிசைகளை ஒத்த எழுத்துகள் நேர்நேராக வரும்படி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தல்) என்பதற்கு ‘வரிசைச் சீரமைப்பு’ போதும் என்று தொண்டியிலிருந்து ஐயா எழுதியிருந்தார். அவர் மீது மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் அச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

சாலையைச் சீரமைக்கிறோம், கண்மாயைச் சீரமைக்கிறோம். பழுதானதைச் சரிசெய்வதுதான் அச்சொல்லின் பொருளாக நம் மக்களிடம் நிலைத்திருக்கிறது. “ஆய்வாளர் வரிசைகளைச் சீரமைத்தார்” என்று எழுதினால், கிடைத்த தரவைத் தமக்கு வேண்டியபடி திருத்திக்கொண்டார் என்றே மாணவர் படிப்பார். இது சிறு குறையன்று. பாம்பன் இறங்குதளத்தில் மீனை இனங்கண்டு தசைத்துண்டு எடுப்பவர் ஒருவர், ஆய்வகத்தில் வரிசையைப் படிப்பவர் மற்றொருவர், வேறு ஊரில் அமர்ந்து கணிப்பவர் இன்னொருவர் என்று பலர் கூடித்தான் இத்தகைய கட்டுரை உருவாகிறது. ஒருவர் தந்த எழுத்துகளை மற்றவர் மாற்றமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கூட்டுழைப்பு நிற்கிறது. அமெரிக்காவின் மரபணு வரிசைத் தரவுத்தளமான ஜென்பேங்கும் ஐரோப்பிய, ஜப்பானியத் தரவுத்தளங்களும் நாள்தோறும் பரிமாறிக்கொள்ளும் பதிவுகளும் அந்த நம்பிக்கையில்தான் பயன்படுகின்றன.

உண்மையில் நடப்பது என்ன என்பதைக் காட்டுகிறேன். மரபணு வரிசையின் ‘எழுத்துகளான’ அடினின், தைமின், குவானின், சைட்டோசின் ஆகியவற்றை அ, தை, கு, சை என்று குறித்தால், இரு மீன்களின் வரிசைகள் இவ்வாறு அமையலாம்:

அ | தை | கு | கு | சை | அ
அ | தை | கு | – | சை | அ

கீழ்வரிசையில் ஐந்தே எழுத்துகள் உள்ளன. இடைவெளி விடாமல் எழுதினால் முதல் மூன்று மட்டுமே ஒத்துப்போகும். ஓர் இடைவெளி விட்டால் ஐந்தும் ஒத்துப்போகின்றன. எந்த எழுத்தும் மாறவில்லை, எதற்கு நேரே எது நிற்கிறது என்பது மட்டுமே மாறியிருக்கிறது. இனங்காணப் பரவலாகப் பயன்படும், ஏறத்தாழ 650 எழுத்து நீளமுள்ள பட்டைக்குறி (‘பார்கோடு’) பகுதி புரதத்துக்கான மரபணுவில் இருப்பதால் அங்கே இடைவெளி அரிது, ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களில் அடிக்கடி வரும்.

ஒரே நேர்க்கோட்டில் மேலும் கீழுமாக நிற்கும் எழுத்துகளை நம் பள்ளிக் கணிதப் பாடநூல் ‘நிரல்’ என்கிறது. கிடையாகச் செல்வது ‘நிரை’. ஆகவே ‘நிரல்பொருத்தம்’ என்பதை முன்வைக்கிறேன். முறையே நிறுத்திய சொற்களை அவற்றுக்குரிய சொற்களோடு முறையே கூட்டிப் பொருள் கொள்வதை இலக்கணத்தார் நிரல்நிறை என்பர். அந்த மரபும் இச்சொல்லுக்குத் துணை நிற்கிறது. ‘ஒப்பீடு’ என்ற பரிந்துரை எளியதுதான், ஆனால் ஒப்பிடுவது பொருத்திய பின்னர் நடக்கும் வேலை.

கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. நீடில்மனும் வுன்ஷும் 1970இல் வகுத்த, வரிசைகளை முழு நீளத்துக்கும் பொருத்தும் முறை ‘முழு நிரல்பொருத்தம்’. ஸ்மித்தும் வாட்டர்மனும் 1981இல் தந்த, மிகவும் ஒத்த பகுதிகளை மட்டும் பொருத்தும் முறை ‘பகுதி நிரல்பொருத்தம்’. இரண்டுக்கு மேற்பட்ட வரிசைகளாயின் ‘பல்வரிசை நிரல்பொருத்தம்’. பொருத்தம் எவ்வளவு நன்று என்று கணிக்கும்போது ஒவ்வோர் இடைவெளிக்கும் கழிக்கும் மதிப்பெண்ணை ‘இடைவெளித் தண்டம்’ எனலாம்.

கணினித் துறையினர் ‘நிரல்’ என்பதை ப்ரோகிராமுக்கு வழங்குவதால் குழப்பம் வரும் என்று பரமக்குடியிலிருந்து அம்மையார் எழுப்பிய தடை நியாயமானது. இந்த ஆய்வாளரின் கட்டுரைகளில் இரண்டும் ஒரே பத்தியில் வருகின்றன. அங்கே ப்ரோகிராமை ‘மென்பொருள்’ என்று எழுதினால் போதும் என்பது என் கருத்து.

மாற்றுச் சொல் வைத்திருப்போர் அதைக் கீழ்க்காணும் வாக்கியங்களில் இட்டுப் பார்த்து எழுதுங்கள்: “வரிசைகளை நிரல்பொருத்தினோம்.” “நிரல்பொருத்தத்தில் மூன்று இடைவெளிகள் உள்ளன.” “நிரல்பொருந்தாத முனைகளை நீக்கினோம்.” மூன்றாவதில்தான் பல சொற்கள் இடறுகின்றன.