பழைய 2,000 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் ஈரம், எப்படிக் காய வைப்பது?

உப்புக்காற்று:
வணக்கம். ஹாம் ரேடியோவுக்கு 813 வால்வில் லீனியர் (சிக்னல் பவரைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) கட்டலாம் என்று, வால்வுக்கு உயர் வோல்ட் தரும் ஒரு பழைய பிளேட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். 230க்கு 2,000 வோல்ட், 500 மில்லியாம்ப். கடலோரக் கிடங்கில் பல மழைக்காலம் கிடந்தது. 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) செகண்டரிக்கும் (2,000 வோல்ட் சுற்று) கோருக்கும் (இரும்பு மையம்) நடுவே 2 மெகாஓம்தான் வருகிறது. சமையலறை ஓடிஜி ஓவனில் வைக்கலாமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டைபோல்:
சொல்லாமலே இருங்கள் ஓஎம் (நண்பரே). அந்த எடையைக் கம்பித் தட்டு தாங்காது. மொட்டை மாடி வெயில் போதும்.

பழைய வைண்டர்:
வெயிலில் மேல்தோல்தான் காயும். தம்பி, முதலில் அந்த 2 மெகாஓம் காயிலுடையதுதானா (கம்பிச் சுற்று) என்று பாருங்கள். கடற்காற்றில் கிடந்த பீஸில் பேக்லைட் டெர்மினல் பலகை மேல் உப்பும் தூசியும் படலமாகப் படிந்திருக்கும். மெக்கர் அதைத்தான் காட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, செகண்டரி லீடுகளைக் கழற்றி அந்தரத்தில் விட்டு மறுபடி அளங்கள். பல பீஸ்கள் இதிலேயே சரியாகிவிடும்.

ஏறாவிட்டால் லேயர்களுக்கு நடுவே உள்ள கிராஃப்ட் பேப்பர் ஈரம் குடித்திருக்கிறது. உள்ளிருந்துதான் சூடாக்க வேண்டும். செகண்டரியை ஷார்ட் செய்து, டிம்மர்ஸ்டாட்டை (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பூஜ்யத்திலிருந்து மெல்லத் திருப்பிப் பிரைமரிக்கு (230 வோல்ட் சுற்று) கொடுங்கள். 10, 15 வோல்ட் பக்கத்திலேயே முழுக் கரன்ட் ஓடிவிடும். உங்களுக்கு 4 ஆம்பியர் தாண்ட வேண்டாம். நேராக டிம்மர்ஸ்டாட்டில் கொடுத்தால் கை அசைந்தாலே கரன்ட் எகிறும். நடுவில் ஒரு 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் நிதானம், மெயினிலிருந்தும் பிரிந்துவிடும். மேலே ஒரு தகரப் பெட்டியைக் கவிழ்த்து, ஆவி போக ஓட்டை விடுங்கள்.

உள்சூட்டைக் காயிலே சொல்லும். சப்ளையை நிறுத்தி, ஷார்ட்டை எடுத்து, செகண்டரி ஓம் பாருங்கள். 30 டிகிரியில் 120 ஓம் என்றால், 145 ஆகும்போது உள்ளே சுமார் 85 டிகிரி. அதற்கு மேல் பழைய பேப்பரை வதைக்காதீர்கள்.

சூடு ஏற ஏற மெக்கர் முதலில் இறங்கும். பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தொடருங்கள், ஈரம் வெளியேறியதும் அதே சூட்டிலேயே ஏறி, ஓரிடத்தில் நிற்கும். நின்றால் காய்ந்தது. ஆறுவதற்குள் வார்னிஷ் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கடற்காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

ஒன்று கேட்க மறந்தேன்: திறந்த காயிலா, டப்பாவில் தார் ஊற்றியதா? தார் என்றால் இந்தச் சூட்டில் இளகி ஒழுகும்.

உப்புக்காற்று:
திறந்த காயில்தான். துடைத்துப் பார்த்தேன் சார், 2 மெகாஓம் 35 ஆகிவிட்டது! இதுவே போதுமா?

பழைய வைண்டர்:
2,000 வோல்ட்டுக்குப் போதாது. ஆறிய பிறகு 1,000 வோல்ட் மெக்கரில் சில நூறு மெகாஓமாவது வந்தால்தான் நான் பவர் கொடுப்பேன். காய வையுங்கள். முதல் முறை பிரைமரியில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டு, செகண்டரியில் எதையும் மாட்டாமல் ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். மெக்கர் அடித்த பிறகும் செகண்டரியைக் கோருடன் ஷார்ட் செய்துவிட்டே கை வையுங்கள். 73, வாழ்த்துகள்.