மூன்றாம் வகை இருக்கட்டும், குறியீட்டை மாற்றினீர்களா?

கணக்குப்பிள்ளை:
"பாத்திகளின் எண்ணிக்கை சமமில்லையா? மூன்றாம் வகை வர்க்கக் கூட்டுத்தொகையைப் போடு, அவ்வளவுதான்" என்று வயல்காரர் நேற்று ஒரு மாணவிக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். இரகம், உரம் ஆகியவற்றின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா என்று சோதிக்கும் பரவற்படிப் பகுப்பாய்வில், விளைச்சலின் வேறுபாட்டை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழிகள்தான் இந்த வகைகள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இயல்பாக இருப்பது ட்ரீட்மென்ட் குறியீடு, அதாவது ஒவ்வொரு நிலையையும் முதல் நிலையோடு ஒப்பிட்டு எண்ணாக எழுதும் முறை. அதை மாற்றாமல் அதன் 'கார்' என்ற துணைத் தொகுப்பில் மூன்றாம் வகையைக் கேட்டால், இரகத்தின் முதன்மை விளைவு என்று வரும் வரி உரத்தின் முதல் நிலையில் மட்டுமே இரகங்களை ஒப்பிடும். பரவற்படிப் பகுப்பாய்வு சொல்லித்தர வந்தவர் இதைச் சொல்ல வேண்டாமா?

வயல்காரர்:
நான் நெல் திடலில் நின்று பேசுகிறேன். ஓர் இரகத்தில் உரமில்லாப் பாத்தி 2, உரமிட்டது 8. மற்றதில் 8, 2. உரமில்லாமல் இரண்டும் எக்டேருக்கு 3 டன், உரமிட்டால் 5 டன். இரகத்தை முதலில் எழுதி, எழுதிய வரிசையிலேயே பிரிக்கும் முதல் வகையில் போடுங்கள்: 4.6, 3.4 என்ற சராசரிகளை ஒப்பிட்டு, இல்லாத வேறுபாட்டைக் காட்டும். இதற்குத்தான் மூன்றாம் வகை.

கணக்குப்பிள்ளை:
உரத்தின் விளைவைக் கழித்துவிட்டு இரகத்தைப் பார்க்கும் இரண்டாம் வகையே இதைத் தீர்க்கும். உரத்தை முதலில் எழுதினால் முதல் வகையும் தீர்க்கும். இடைவினை இல்லாதபோது, அதாவது உரத்தின் பலன் இரகத்துக்கு இரகம் மாறாதபோது, உண்மையான வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் திறன் இரண்டாம் வகைக்குத்தான் அதிகம் என்று புள்ளியியலாளர் லாங்ஸ்ருட் 2003இல் எழுதிவிட்டார். குறியீட்டை மாற்றச் சொன்னீர்களா, இல்லையா?

வயல்காரர்:
எலி தின்ற பாத்திக்காக என் கருதுகோள் ஏன் மாற வேண்டும்? எத்தனை பாத்திகள் இருந்தாலும், இரகமும் உரமும் சேரும் எல்லாக் கட்டங்களுக்கும் சம எடை கொடுப்பது மூன்றாம் வகை. 1934இல் புள்ளியியலாளர் யேட்ஸ் வகுத்த வழி அது. எஸ்.பி.எஸ்.எஸ் மென்பொருள் இயல்பாகத் தருவதும் அதைத்தான்.

கணக்குப்பிள்ளை:
மென்பொருள் தருவதெல்லாம் வேதமா? குறியீடு?

வடமராட்சியான்:
இடைவினை இருக்கும்போது முதன்மை விளைவைச் சோதிப்பதே பொருளற்றது. புள்ளியியலாளர் நெல்டர் 1977இலேயே சொன்னார், இன்னொரு புள்ளியியலாளர் வெனபிள்ஸ் 1998இல் இன்னும் காட்டமாகச் சொன்னார். இருவரும் இதை விட்டுவிட்டுச் சண்டை பிடிக்கிறீர்கள். அதோடு, பரவற்படி என்று எழுதுகிறீர்களே, எங்கள் இலங்கைப் பாடநூல்களில் அது மாறற்றிறன்.

வயல்காரர்:
மாறற்றிறன் என்றால் இங்கே ஒருவருக்கும் புரியாது.

வடமராட்சியான்:
நாங்கள் அந்தச் சொல்லில்தான் படித்தோம், தேர்வும் எழுதினோம். உங்களுக்குப் புரியாதது எங்கள் குறையல்ல.

கணக்குப்பிள்ளை:
சொல் தகராறைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வயல்காரர் இப்படி நழுவுவது முதல் முறையல்ல. போன ஆண்டு விடுபட்ட பாத்திகளைப் பற்றிய விவாதத்தில் கேட்ட தரவை இன்றுவரை தரவில்லை.

வயல்காரர்:
தரவு என் சொத்தல்ல, நிலையத்தின் சொத்து என்று அன்றே சொன்னேன். உங்களைப் போல நாற்காலியில் உட்கார்ந்து பிறர் கணக்கைத் திருத்துபவருக்கு அது விளங்காது.

ஆய்வு மாணவி:
ஐயா, அந்த மாணவி நான்தான். என் சோதனையில் மூன்று உர அளவுகள். ஓர் இரகத்துக்கு அதிக அளவு உரமிட்ட பாத்திகள் எல்லாமே வெள்ளத்தில் போய்விட்டன. அந்தக் கட்டத்தில் ஒரு விளைச்சல் எண்கூட இல்லை. இப்போது எந்த வகை?

வடமராட்சியான்:
கட்டம் காலி என்றால் மூன்றாம் வகை சோதிக்கும் கருதுகோளுக்கே தெளிவான பொருள் கிடையாது, தங்கச்சி. இருக்கும் கட்டங்களை வைத்து, உங்களுக்கு வேண்டிய ஒப்பீடுகளை நேரடியாகச் செய்யுங்கள்.

வயல்காரர்:
அம்மா, காலிக் கட்டங்களுக்கென்றே நான்காம் வகை என்று ஒன்று உண்டு. அவர்களை விடுங்கள், எனக்குத் தனியே எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை:
நான்காம் வகையா? காலிக் கட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விடையே மாறும்! அம்மா, அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: குறியீட்டை மாற்றினீர்களா?