ஆமோஸ் கண்டது தூக்குநூலா, வெள்ளீயமா?

வியாசர்பாடி கொத்தனார்:
31 வருடங்களாகக் கொத்தனார் வேலை செய்கிறேன். வேதாகமத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் 7-ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் தூக்குநூலோடு மதிலின்மேல் நிற்கும் இடம் வந்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். காரணம் உண்டு. கொடுங்கையூரில் ஒரு வீட்டுக்கு மதில் எழுப்பினேன். ஆறடி உயர்ந்ததும், சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க, தூக்குநூலின் கட்டையை மேலே பிடித்துக் குண்டை இறக்கினேன். குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். இரண்டு விரற்கடை விலகி நின்றது. மேல்பக்கம் வெளியே சாய்ந்திருந்தது. "பூச்சில் சரிக்கட்டிவிடலாம்" என்றார் மேஸ்திரி. சித்தாள்கள் என் முகத்தையே பார்த்தார்கள். நானே கடப்பாரையை எடுத்து இடித்தேன்.

சென்ற ஞாயிறு தண்டையார்பேட்டை வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் ஓர் இளைஞர், "அது தூக்குநூலே அல்ல, வெள்ளீயம்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மையா?

பெரம்பூர் வாசகி:
ஐயா, இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்தவள் நான். அந்தத் தம்பி சொன்னதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. மூலத்தில் உள்ள சொல் 'அனாக்'. எபிரேய வேதத்தில் ஆமோஸ் 7:7, 8 வசனங்களைத் தவிர வேறெங்கும் அது வருவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு இடம் இல்லாததால் மொழிபெயர்த்தவர்கள் ஆளுக்கொரு வழியில் போனார்கள். பழைய கிரேக்கத்தில் அது மிகக் கடினமான உலோகம். ஜெரோம் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில் என்ன தெரியுமா? உங்கள் கையில் இருக்கும் கரணை! ஈயம், அதனால் ஈயக்குண்டு, அதனால் தூக்குநூல் என்ற விளக்கம் இடைக்கால யூத உரையாசிரியர்கள் வழியாக வந்தது.

பழைய மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் இதற்கு இனமான சொல் 'அன்னாக்கு'. அது காரீயமா வெள்ளீயமா என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. வெள்ளீயம்தான் என்று 1965-இல் அக்காடிய அறிஞர் பென்னோ லான்ட்ஸ்பெர்கர் விரிவாக எழுதினார். நாமும் இரண்டையும் 'ஈயம்' என்றுதானே சொல்கிறோம்? பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், குண்டுக்குக் கனம் தருவது காரீயம். வெள்ளீயம் செம்போடு சேர்ந்தால் வெண்கலம். அந்தக் காலத்தில் வெண்கலம் என்றால் ஆயுதமும்தான். ஆகவே படையெடுப்பின் அடையாளமாக இதைப் படிப்பவர்கள் உண்டு.

ராயபுரம் அந்தோணி பக்தன்:
ஓசையையும் கவனியுங்கள். அடுத்த அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு பழக்கூடையைக் காட்டி, முடிவு வந்தது என்கிறார். பழக்கூடை ஏன்? கோடைக்கனி 'கயித்ஸ்', முடிவு 'கேத்ஸ்'. தமிழில் பழத்துக்கும் முடிவுக்கும் ஒலி உறவே இல்லாததால் நமக்கு அது தெரியாமல் போகிறது. 'அனாக்' என்பதிலும் பெருமூச்சைக் குறிக்கும் எபிரேயச் சொல் ஒலிக்கிறது என்பார்கள். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

வியாசர்பாடி கொத்தனார்:
அப்படியானால் நான் இத்தனை வருடம் பிடித்துக்கொண்டிருந்த வசனம் என்ன ஆவது? என் தாயார் வாசித்துக் காட்டிய வசனம் அது.

பெரம்பூர் வாசகி:
தூக்குநூல் வேதத்தை விட்டு எங்கும் போகவில்லை ஐயா. எபிரேயத்தில் அதற்கென்றே 'மிஷ்கோலெத்' என்று வேறு சொல் இருக்கிறது, எடையைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஏசாயா 28:17-இல் நீதியைத் தூக்குநூலாக வைப்பேன் என்று ஆண்டவர் சொல்வது அந்தச் சொல்லால்தான். அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் மதிலின் கதைக்கு உரிய இடம் எசேக்கியேல் 13 என்பேன். 10-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஒருவன் சுவர் வைக்கிறான், பொய்த் தீர்க்கதரிசிகள் அதற்குச் சாரமற்ற சாந்து பூசுகிறார்கள்.

வியாசர்பாடி கொத்தனார்:
இப்போதுதான் வாசித்து முடித்தேன் அம்மா. மழையும் கல்மழையும் வந்து சுவர் விழுந்த பிறகு, பூசின பூச்சு எங்கே என்று கேட்கும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்த மேஸ்திரிக்கு இப்போது வயதாகிவிட்டது, எங்கள் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். நாளை வேலை முடிந்ததும் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன்.