மறு: கவிட்டேசன் பிளேட்டுக்குத் தமிழ் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

படகின் பின்பக்கம் வெளியே பூட்டும் அவுட்போட் என்ஜினில், தண்ணீருக்குள் இறங்கும் கால்பகுதியில், புரொப்பெலருக்குச் சற்று மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும் அலுமினியத் தகட்டை ஆங்கிலத்தில் கவிட்டேசன் பிளேட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்டுத் தொடங்கிய இழை இது. இதுவரை வந்த பரிந்துரைகள்:

> குழிவுத் தகடு
> எதிர்க்காற்றோட்டத் தகடு
> நீர்மட்டத் தகடு

மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, மட்டக்களப்பில் பழைய என்ஜின் ஒன்று பழுதுபார்க்க வந்தால் என்ன பேச்சு நடக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சொல்லை அங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்தால்தான் அது நிற்குமா விழுமா என்று தெரியும்.

கொண்டுவருபவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "மெசின் கத்துது, வள்ளம் போகுதில்ல." மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது, சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று. சுற்று இறங்கி என்ஜின் இழுக்க மாட்டாமல் திணறினால் பிளக், காபரேட்டர், எண்ணெய்க் குழாய் பக்கம் பார்க்கலாம். மண்ணெண்ணெய் என்ஜினாக இருந்தால், முதல் நாள் நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டார்களா என்றும் கேட்க வேண்டும். மாற்றாமல் நிறுத்தினால் காபரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழன்றுபோகும். அது வேறு கதை.

சுற்று திடீரென்று ஏறி, படகு மட்டும் போகாவிட்டால் கோளாறு பெரும்பாலும் புரொப்பெலர் பக்கம். அங்கேதான் நமக்கு மூன்று தனித்தனிச் சொற்கள் வேண்டும்.

முதலாவது, மேற்பரப்பிலிருந்து காற்று உள்ளே இழுபடுவது. இளநீர் அடிக்கு வந்ததும் ஸ்ட்ரோவில் தண்ணீரோடு காற்றும் ஏறுமே, அதே சங்கதிதான். புரொப்பெலர் காற்றைக் கலந்து இழுத்ததும் பிடிமானம் போகிறது, சுற்று எகிறுகிறது. வளைவெடுக்கும்போதும் அலையில் பின்பக்கம் தூக்கும்போதும் இது வரும். விசையைக் குறைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இதற்கு நான் சொல்வது 'காற்றிழுப்பு'.

இரண்டாவதுதான் உண்மையான கவிட்டேசன். இதில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. வேகமாகச் சுழலும் புரொப்பெலர்ச் செட்டையின், அதாவது அலகின், ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்து, தண்ணீர் சூடாகாமலே கொதிக்கிறது. 30 பாகை வெப்பத்தில் உள்ள நீருக்கு, வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய 24இல் 1 பங்குக்கு இறங்கினாலே போதும். அந்த ஆவிக்குமிழிகள் அழுத்தம் கூடிய இடத்துக்குப் போனதும் நொறுங்கி, உலோகத்தைப் பொடிப்பொடியாகக் கொத்தும். 1894இல் நீரில் இறங்கிய டர்பீனியா என்ற நீராவிக் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை எட்டாததற்கு இதுதான் காரணம். அதை உருவாக்கிய சார்ல்ஸ் பார்சன்ஸ் பிறகு அதில் மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பெலர்கள் பூட்டினார். நம் பழைய என்ஜின்களில், கல்லில் பட்டு விளிம்பு நெளிந்த செட்டையில் இது தொடங்கும். பார்த்தால் பெயின்ட் எரிந்து சொறிபிடித்தது போலத் தெரியும். 'குமிழ்கொதிப்பு' என்று வைக்கலாம். அது உண்டாக்கும் தேய்வு 'குமிழரிப்பு'.

மூன்றாவது, புரொப்பெலரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் பிடிவிட்டு வழுக்குவது. வண்டிச் சில்லின் நடுவை நாம் குடம் என்கிறோம். இங்கும் 'குடவழுக்கல்' என்றே சொல்லலாம். மெதுவாகப் போகும்போது படகு ஒழுங்காகப் போகும், விசையைக் கூட்டினால்தான் கத்தும். வளைவு, அலை எதுவும் தேவையில்லை, அமைதியான வாவியில் நேராகப் போனாலும் கத்தும். குடத்தின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே பெயின்டால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் புஷ் போய்விட்டது. மிகச் சிறிய பழைய என்ஜின்களில் புஷ்ஷுக்குப் பதில் 'பின்' என்ற சிறிய உலோக ஊசி இருக்கும். அது முறிந்தால் படகு அசையவே அசையாது.

இப்போது தகட்டுக்கு வருவோம். அது தடுப்பது முதலாவதை மட்டும். மேலிருந்து காற்று புரொப்பெலருக்கு இறங்காமல் மறிக்கிறது. குமிழ்கொதிப்பை அது தடுப்பதில்லை. ஆங்கிலத்தில் பழக்கத்தால் ஒட்டிக்கொண்ட தவறான பெயரை 'குழிவுத் தகடு' என்று நாமும் சுமப்பானேன்? அந்தப் பெயரைக் கேட்டவர் செட்டையில் அரிப்பைப் பார்த்துவிட்டு தகட்டைக் குறைசொல்வார்.

'எதிர்க்காற்றோட்டத் தகடு' கருத்தளவில் சரிதான். ஆனால் கடற்றொழிலாளியிடம் எதிர்க்காற்று என்றால் முகத்தில் அடிக்கும் காற்று. எங்கள் கிழக்குக் கரையில் கல்முனையிலோ ஒலுவிலிலோ இந்தச் சொல்லைச் சொன்னால், காற்றுக்கு எதிராக ஓடும்போது உதவும் ஏதோ சாமான் என்றுதான் நினைப்பார்கள். 'நீர்மட்டத் தகடு' என்பதும் பொருந்தாது. படகு நிற்கும்போது தகடு தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும். அது ஒத்துப்போக வேண்டியது படகின் அடிப்பாகத்தோடு.

ஆகவே 'காற்றுமறிப்புத் தகடு'. பேச்சில் 'மறிப்புத் தகடு' என்று சுருங்கும், சுருங்கட்டும்.

> பழுதுபார்ப்பவர்கள் 'பிளேட்' என்றே சொல்லிக்கொள்கிறார்களே, தனிச் சொல் எதற்கு?

என்ஜினை அடையாளம் காணவே இந்தத் தகடு வேண்டியிருக்கிறது, அதனால்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்குப் பல கைகள் வழியாகப் படகுகளும் என்ஜின்களும் வந்தன. அப்புறம் கைமாறி, மேல்மூடி மாறி, ஸ்டிக்கரும் உரிந்துபோனவை நிறைய. மூடியில் இருக்கும் குதிரைவலுவை நம்பாதீர்கள். படகில் இறுக்கும் கவ்வியில் உள்ள சிறிய தகட்டில்தான் மாடலும் தொடர் எண்ணும் இருக்கும். யமஹாவின் பழைய இரண்டடிப்பு (டூ-ஸ்ட்ரோக்) என்ஜின்களில் மாடல் பெயர் எஸ் என்று முடிந்தால் குட்டைத் தண்டு, அதாவது கால் குட்டையானது, எல் என்று முடிந்தால் நெட்டைத் தண்டு. அந்தத் தகடும் உப்பில் கரைந்துபோயிருந்தால் அளந்து பார்ப்பதுதான் வழி: கவ்வி படகின் பின்பலகையில் உட்காரும் இடத்திலிருந்து மறிப்புத் தகடு வரை. ஏறத்தாழ 15 அங்குலம் குட்டை, 20 அங்குலம் நெட்டை. தகட்டுக்குப் பெயரில்லாமல் இந்த அளவைத் தமிழில் எழுதவே முடியாது.

20 அங்குலப் பின்பலகையில் குட்டைத் தண்டு என்ஜினைப் பூட்டினால் தகடு படகின் அடியைவிட 5 அங்குலம் மேலே நிற்கும். காற்றிழுப்பு வராமல் என்ன செய்யும்? இதைத் தெரியாமல் புரொப்பெலரை மாற்றிப் பார்த்துப் பணத்தைக் கொட்டுவார்கள். மறுபக்கம், தாழ்ந்த பலகையில் நெட்டைத் தண்டைப் பூட்டினால் கால் அளவுக்கு மீறி ஆழத்தில் நிற்கும், வேகம் குறையும், ஆழம் குறைந்த வாவியில் சேற்றை உழும். தகடு படகின் அடியோடு சமமாக, அல்லது ஓர் அங்குலம்வரை மேலே இருந்தால் நல்லது. பழைய என்ஜின்களில் தகட்டின் பின்முனை உடைந்திருப்பதும் உண்டு. அதையும் பார்த்துவிட்டு முடிவுசெய்ய வேண்டும்.

அகராதிக்கு என் வரைவு: காற்றுமறிப்புத் தகடு – அவுட்போட் என்ஜினில் புரொப்பெலருக்கு மேலே அமைந்து, நீர்ப்பரப்பிலிருந்து காற்றிழுப்பு ஏற்படாமல் மறிக்கும் கிடைத்தகடு; தண்டு நீளத்தை அளக்கும் கீழெல்லை.

சில என்ஜின்களில் இதற்கு மேலே, தண்ணீர் தெறிப்பதைத் தடுக்க இன்னொரு தகடு இருக்கும். அதைத் 'தெறிப்புத் தகடு' என்று பிரித்து வைத்தால் குழப்பம் வராது. அளக்கும்போது சிலர் அதுவரை அளந்துவிடுகிறார்கள்.

புரொப்பெலரின் அலகுக்கு 'இதழ்' என்று எழுதியிருந்த நண்பருக்கு: மீனுக்கும் பறவைக்கும் செட்டை என்று சொல்லிப் பழகிய ஊர் எங்களுடையது, அதனால்தான் மேலே செட்டை என்றே எழுதினேன். தமிழகத்துக் கரையோரத்தில் என்ன வழக்கு என்று யாராவது கேட்டு எழுதினால் இரண்டையும் ஒரே பதிவில் போடலாம்.