எம்ஜிபி முன் ஸ்பிரிங் மாற்றுவது: கம்ப்ரஸர் நுழையவில்லை, ஜாக்கி மட்டும் போதுமா?

துருப்பிடித்தவன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்), குரோம் பம்பர் மாடல். ஒரு வருடமாக இடது முன்பக்கம் தொங்குகிறது. முதலில் தரைதான் சரியில்லை என்று நினைத்தேன், அப்புறம் பார்த்தால் எங்கே நிறுத்தினாலும் அதே சாய்வு. வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் வலது 358 மி.மீ., இடது 338. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே இடது பக்கம் டமாரென்று ரப்பரில் போய் இடிக்கிறது.

புது ஸ்பிரிங் ஜோடி வாங்கி வைத்தாயிற்று. கழற்றுவதில்தான் சிக்கல். இரவல் வாங்கிய கம்ப்ரஸரின் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) கொக்கி உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "அது எதற்கு, அடியில் ஜாக்கியைக் கொடுத்து மெதுவாக இறக்கினால் தானாக வந்துவிடும்" என்கிறார். இன்னொருவர், மாற்றவே வேண்டாம், வலது ஸ்பிரிங்கில் அரைச் சுற்று வெட்டிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும் என்கிறார். வெட்டுவது எனக்கே சரியாகப் படவில்லை. ஜாக்கி விஷயம் சரிதானா? கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

பழைய இரும்பு

ஜாக்கி பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. தொங்குவது முன் ஸ்பிரிங்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? பின்னால் இடது லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) தளர்ந்திருந்தால் வண்டியின் உடம்பே இடது பக்கம் சாயும், முன் இடதும் கூடவே இறங்கிவிடும். இப்படி முன் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றிவிட்டு, அதே சாய்வோடு நின்ற வண்டியைப் பார்த்து விழித்தவன் நான்.

சோதிப்பது சுலபம். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள் (கை பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான், அதை நம்பாதீர்கள்). பின்னால் டிஃபரன்ஷியலுக்கு (பின் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) நேர் அடியில் ஜாக்கி வைத்து இரண்டு பின் சக்கரமும் தரையை விட்டு எழும் வரை தூக்குங்கள். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, இடது வலது என்று எந்தப் பக்கமும் இழுக்காது. முன்பக்கத்தை அசைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். சாய்வு போய்விட்டால் குற்றவாளி பின்னால் இருக்கிறார்.

அரையங்குல ஸ்பேனர்

பயப்படுவது நல்லதுதான் தம்பி, அந்தப் பயத்தை விட்டுவிடாதே. அந்த மெக்கானிக் சொன்னது உண்மை. எம்ஜிபியில் சக்கரத்தை மேலே பிடிக்கும் கை (விஷ்போன்) என்று தனியாக எதுவும் கிடையாது, லீவர் டேம்பரின் (கைகள் வைத்த ஷாக் அப்ஸார்பர்) கைகளே அந்த வேலையைப் பார்க்கின்றன. அதனால் ஸ்பிரிங் தட்டுக்கு அடியில் டிராலி ஜாக்கி, மேல் டிரன்னியன் (டேம்பர் கையையும் சக்கரத் தாங்கியையும் இணைக்கும் மூட்டு) போல்ட்டைக் கழற்று, ஜாக்கியை இறக்கு, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" என்பதற்குள் சில விஷயம் இருக்கிறது.

ஆக்சில் ஸ்டாண்டை சேஸிஸ் தண்டில் கொடு. எஞ்சின் வண்டியில் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் திருப்பி மாட்டும்போது ஸ்பிரிங்கை அழுத்துவது அந்த எடைதான். எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு ஜாக்கியை ஏற்றினால் ஸ்பிரிங் அழுந்தாது, வண்டிதான் ஸ்டாண்டை விட்டு மேலே போகும். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டித் தொங்கவிடு, ஹோஸில் தொங்க விடாதே. ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) இருந்தால் அதன் லிங்கைக் கழற்றிவிடு. பிறகு டேம்பர் கை அது உட்கார்ந்திருக்கும் ரப்பரை விட்டு லேசாக எழும் வரை ஜாக்கியை ஏற்று. கைகளைச் சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தினால்தான் அவை விரிந்து கொடுக்கும், இல்லையென்றால் டிரன்னியனோடு அரை நாள் மல்லுக்கட்டலாம்.

ஜாக்கியை இறக்கும்போது ஒன்றைக் கவனி. ஸ்பிரிங் தட்டைத் தாங்கும் கீழ்க்கை நேராக இறங்காது, வளைவாக இறங்கும், அதனால் ஜாக்கியும் அதோடு சக்கரத்தில் உருண்டு போக வேண்டும். நான் முதன்முதலில் செய்தபோது தரையில் ஒரு சின்னக் கல். ஜாக்கிச் சக்கரம் அதில் முட்டி நின்றுவிட்டது, தட்டின் விளிம்பு ஜாக்கித் தலையை விட்டு மெல்ல நழுவுவதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அரை அங்குலம், முக்கால் அங்குலம். நல்ல வேளை, ஸ்பிரிங் சுற்றுக்குள் ஒரு சங்கிலியை நுழைத்துக் கிராஸ்மெம்பரை (முன்பக்கக் குறுக்குச் சட்டம்) சுற்றிப் பூட்டியிருந்தேன். இன்று வரை சங்கிலி இல்லாமல் செய்ததில்லை. தரையைக் கூட்டிப் பெருக்கு, ஸ்பிரிங்குக்கு நேர் எதிரே உட்காராதே.

கணக்குப்பிள்ளை

அந்தச் சங்கிலி ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு மி.மீ. அழுத்த 60 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் ஒன்று 100 மி.மீ. அழுந்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 300 ஜூல். 30 கிலோ மூட்டை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுகிற மாதிரி.

வெட்டச் சொன்னவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் உயரம் மட்டும் குறையாது, விறைப்பும் கூடும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றாலும் பள்ளத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். தொங்கிப்போன ஸ்பிரிங் "மென்மையாகிவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள், அது பெரும்பாலும் நிரந்தரமாகக் குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான். துரு தின்றிருந்தால் கதை வேறு. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் போகிறது, 14 மி.மீ. கம்பி முழு நீளத்துக்கும் 13 ஆகிவிட்டால் கால்வாசி விறைப்பு காலி.

வாங்கிய ஸ்பிரிங் ரோட்ஸ்டருக்கு உரியதுதானா என்று பார்த்துவிடுங்கள், ஜிடி (கூரை வைத்த மாடல்) ஸ்பிரிங் வேறு.

துருப்பிடித்தவன்

எல்லோருக்கும் நன்றி, நேற்று வேலையை முடித்தேன். பின்னால் தூக்கிப் பார்த்தேன், சாய்வு 20 மி.மீ.-இலிருந்து 17 ஆனது, அவ்வளவுதான். ஆக முன்பக்கம்தான் குற்றவாளி.

சங்கிலி போட்டேன், தரையை இரண்டு முறை பெருக்கினேன். ஜாக்கி உருண்டு வந்தது, ஸ்பிரிங் சத்தமே இல்லாமல் தளர்ந்து நின்றது. கையால் எடுத்தபோது தட்டிலிருந்து ஒரு கை துருத்தூளும், கூடவே ஒரு வளைந்த இரும்புத் துண்டும் விழுந்தன. ஸ்பிரிங்கின் கடைசி அரைச் சுற்று! எப்போது உடைந்ததோ, உடைந்த முகமே கறுத்துப்போயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, தட்டுக்குள் மறைந்துகொண்டிருக்கிறது.

இப்போது புதுப் பிரச்சினை. வலது 374, இடது 375. சமமாக நிற்கிறது, ஆனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஸ்பிரிங் தவறா?

அரையங்குல ஸ்பேனர்

கீழ்க்கை புஷ் (மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை) நட்டுகளை எப்போது இறுக்கினாய்? சக்கரம் தொங்கும்போதா, தரையில் நிற்கும்போதா?

துருப்பிடித்தவன்

தொங்கும்போது.

அரையங்குல ஸ்பேனர்

அதுதான். கை கீழே இருக்கும் நிலையில் ரப்பரைப் பிடித்து இறுக்கிவிட்டாய், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கையைக் கீழே தள்ளுகிறது, தானும் ஒரு ஸ்பிரிங் மாதிரி. அப்படியே ஓட்டினால் புஷ்தான் சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரத்துக்கும் கீழே ஒரே கனத்தில் பலகை போட்டு வண்டியை நிறுத்து, நட்டுகளைத் தளர்த்து, முன்பக்கத்தை நன்றாகக் குலுக்கு, நின்ற நிலையிலேயே இறுக்கு. காட்டர் பின் (நட்டு கழலாமல் பிடிக்கும் ஊசி) மறக்காதே. மீதி சில மி.மீ. ஓட ஓட ஸ்பிரிங் தானே அமர்ந்துகொள்ளும், பிறகு வீல் அலைன்மென்ட் பார்.

பழைய இரும்பு

ஹெட்லைட்டையும் சரிசெய்யுங்கள், மூக்கு உயர்ந்ததால் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசும். கிங்பின்னில் (முன் சக்கரம் திரும்பும் முளை) பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) இருக்கிறது, சக்கரம் கழன்றிருந்தபோது அடித்தீர்களா?

துருப்பிடித்தவன்

அடித்தேன், மூன்றில் ஒன்று அடைத்திருந்தது, புதிது போட்டுவிட்டேன். நட்டுகளைத் தளர்த்தியதும் இடது பக்கம் முனகிக்கொண்டே இறங்கியது, 364. வலது 363. உடைந்த துண்டைக் கழுவி மேசையில் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன்.