ஷூட்டருக்கு 72 மிமீ சக்கரமா, 96 மிமீ சக்கரமா?

கேள்வி:
எஃப்டிசி என்னும் மாணவர் ரோபோப் போட்டியின் டீகோட் ஆட்டத்துக்கு, பந்தை எறியும் ஷூட்டர் செய்துகொண்டிருக்கிறோம். ஒற்றைச் சக்கரம், மேலே வளைந்த ஹுட் (மூடி), 6000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 6000 சுற்று) மோட்டார் நேரடியாக அச்சில். 72 மிமீ சக்கரம் போட்டு, வேகத்தை 5800இல் வைத்திருக்கிறோம். முதல் பந்து கோலுக்குள் போகிறது, இரண்டாவது விளிம்பில் தட்டுகிறது, மூன்றாவது முன்னாலேயே விழுந்துவிடுகிறது. 96 மிமீ போட்டால் சரியாகுமா அண்ணா? டீமில் பாதிப் பேர் போடலாம் என்கிறார்கள், மீதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

பதில் 1:
முதல் பந்து போகிறது என்றால் வேகம் போதும். 72 மிமீ சக்கரம் 6000இல் சுற்றும்போது விளிம்பு வேகம் நொடிக்கு 22.6 மீட்டர். ஒரு பக்கம் அசையாத ஹுட் இருப்பதால் பந்து அதில் உருண்டுகொண்டே வரும், அதனால் இதில் பாதிதான் அதற்குக் கிடைக்கும், வழுக்கலில் இன்னும் கொஞ்சம் போகும். உங்கள் சிக்கல், ஒவ்வொரு பந்தும் சக்கரத்திடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் ஆற்றல். அதே அச்சில், சுழல் ஆற்றலைச் சேமித்து வைக்கும் கனமான ஃப்ளைவீல் ஒன்றைச் சேருங்கள், சக்கரத்தை மாற்ற வேண்டாம்.

பதில் 2:
ஃப்ளைவீல் சரி, ஆனால் சக்கரத்தையும் மாற்றச் சொல்வேன். 6000 என்பது சுமையே இல்லாதபோது மோட்டார் தொடும் வேகம். 5800இல் ஓட்டினால் இழந்ததை மீட்க அதனிடம் முறுக்குவிசை மிச்சமே இருக்காது, பேட்டரி கொஞ்சம் இறங்கினால் அந்த 5800கூட வராது. 96 மிமீ போட்டால் அதே விளிம்பு வேகத்துக்குச் சுமார் 4350 ஆர்பிஎம் போதும், மேலே ஏற இடம் இருக்கும். பெரிய சக்கரம் தானாக அதிக ஆற்றல் சேர்க்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள் தம்பி. விளிம்பில் உள்ள எடையும் விளிம்பு வேகமும் ஒன்றாக இருந்தால், விட்டம் எதுவானாலும் சேரும் ஆற்றல் ஒன்றுதான்.

இன்னொன்று, இந்தப் பந்துகள் ஓட்டை போட்ட கெட்டிப் பிளாஸ்டிக், அழுத்தினால் அமுங்காது. அதனால் சக்கரம்தான் மென்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பந்து பிடிக்கும், அடுத்தது வழுக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. மோட்டாரின் சுற்று வேகத்தைக் காட்டும் என்கோடர் அளவைப் பதிந்து பார்த்தோம். முதல் பந்துக்கே 5800இலிருந்து 4900க்கு இறங்குகிறது, திரும்ப ஏறுவதற்குள் அடுத்த பந்து போய்விடுகிறது. நாளை 96 மிமீ மாட்டுகிறோம்.

பதில் 2:
மாட்டும்போது ஹுட்டையும் 12 மிமீ வெளியே தள்ளுங்கள், அச்சு இருக்கும் இடத்திலேயே இருந்தால் ஆரம் அவ்வளவுதான் கூடும். அப்புறம் வேகம் திரும்பும்வரை அடுத்த பந்தை விடாதபடி ப்ரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.